நாள் ஏதா?

"கோமதிக்கு நாள் ஏதா?"

ஹெட் கிளார்க் மாதவன் பிள்ளை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி இப்படிக் கேட்டபோது நான் டைப்ரைட்டரில் கார்பன் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்து மத்தியானம். வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுக் கூரை மேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

எனக்குக் கேட்டது. மை படிந்த விரலால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா, "ஏளா, நெத்தியில என்ன கரி?" என்று கேட்டாள்.

"தை பத்து, சார்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கோபமில்லை, சிரிப்புமில்லை. கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டவர் போல இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

அந்த இரண்டு வார்த்தையால் என் வேலை போய்விடும் என்று தை மாதம் வரைக்கும் நடுங்கிச் செத்தேன். ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவதி என்ன அவதி

அப்பா போன பிறகு நானும் அம்மாவும் திருநெல்வேலியை விட்டுத் திருவனந்தபுரம் வந்த கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. சாலைக் கடைத்தெருவில் மாமா பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டு மச்சில் எங்களுக்கு ஓர் அறை. யுத்த காலம். அரிசிக்குத் திண்டாட்டம். ஊரே மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த ஆவி மூக்கில் பட்டால் எனக்குப் பழைய பயம் ஒன்று எட்டிப் பார்க்கும்.

டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்ததால் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் இருந்த ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அது கிளை ஆபீஸ். தலைமை ஆபீஸ் மெட்ராஸில். கம்பெனி இன்று இல்லை, ஆகவே பெயரும் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் எஞ்சின் கரி மேஜையில் வந்து படியும். மூடினால் மூச்சு முட்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். மாமா மச்சைக் கொடுத்தாரே தவிர சோறு போடவில்லை. அவருக்கே பிள்ளைகள் ஒரு பந்திக்கு இருந்தார்கள், குறை சொல்ல முடியாது.

ஆபீஸில் கடிதமெல்லாம் இங்கிலீஷ், பேச்செல்லாம் மலையாளம். எனக்கோ மலையாளம் சுட்டுப் போட்டாலும் வராது. காதில் விழும்போது தமிழ் மாதிரியே விழும், அர்த்தம் மட்டும் வேறு வீட்டில் குடியிருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மானேஜர் எங்கே என்று பியூனைக் கேட்டேன். "மானேஜர் அவதியிலாணு" என்றான். பதறிப்போய், "ஐயோ பாவம், என்ன அவதி? டாக்டரிடம் காட்டினாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே அவதி என்றால் லீவு! ஒரு வாரத்துக்கு என்னைக் கண்டவரெல்லாம், "கோமதீ, ஒரு நாள் அவதி வேணோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் மாதவன் பிள்ளை ஒருவர்தான். அன்றிலிருந்து அவரே எனக்கு அகராதி. "சோதிச்சு என்னு பறஞ்ஞால் பரீட்சையில்லை, கேட்டதாக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். தலையில் ஒரு நரை கிடையாது. எப்போதும் வாயில் வெற்றிலை, தோளில் மடித்த நேரியதுத் துண்டு. அவருக்கு என்ன வயதிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

நாற்காலிக் கணக்கு

புரட்டாசிக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீஸர் வந்து இறங்கினார். சூட்டு, தங்க பிரேம் கண்ணாடி, ஒரு கட்டு வண்ணப் பென்சில். எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"நம்ம கம்பெனி ஊரார் ஆயுளைக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறது. நம்ம ஆட்கள் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னு மட்டும் யாரும் பார்க்கிறதில்லை. யுத்தம் முடிஞ்சதும் பாலிசி எடுக்க ஜனங்க வரிசையில நிப்பாங்க. அன்னிக்கு இங்கே நாற்காலி இருக்கும், ஆள் இருக்காது!"

ஏற்கெனவே இரண்டு பேர் பட்டாளத்துக்குப் போய் அவர்கள் நாற்காலியில் பழைய பைல் உட்கார்ந்திருந்தது. அதனால் அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. வருகிற ஐந்து வருஷத்தில் எந்த நாற்காலி எப்போது காலியாகும், அங்கே யாரை உட்கார வைப்பது, அவரை எப்போதிருந்து பழக்குவது என்று இப்போதே திட்டம் போட வேண்டும் என்றார். இந்தக் காலத்தில் பெரிய ஆபீஸ்களில் இதற்கென்றே தனி இலாகா வைத்திருக்கிறார்களாம். என் பேரன் சொல்கிறான். நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சித்திரகுப்தனே சூட்டு மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

மானேஜர் அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். நாற்காலிக்கு ஒரு கட்டம். இருக்கப்போகிறவர் கட்டத்துக்கு நீலம். வயதாகி ரிடையராகியோ வேறு விதத்திலோ போகப்போகிறவர் கட்டத்துக்குச் சிவப்பு. ஒவ்வொருவரைப் பற்றியும் ஹெட் கிளார்க்கை விசாரித்து, கடைசி நாளில்தான் வண்ணம் தீட்டுவாராம். அதுவரைக்கும் எல்லாக் கட்டமும் வெள்ளை.

ஆபீஸே தலைகீழாயிற்று. காஷியர் ஐயருக்கு ஐம்பது ஆகவில்லை, ஆனால் தலை பஞ்சு. ஒரு திங்கட்கிழமை அது கருகருவென்று வந்து சேர்ந்தது. ஆபீஸர் பார்க்கும்போது படியைத் தாண்டித் தாண்டி ஏறுவார். பிறகு அலமாரிக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்குவார். "பட்டாளத்துக்குப் போறேன்" என்று தினமும் மிரட்டிக்கொண்டிருந்த தாமஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மாதவன் பிள்ளை மட்டும் எப்போதும் போல வெற்றிலையை மென்றுகொண்டு, எப்போதும் போல ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் கவலையே கிடையாது போலும் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு வந்த சோதனை, மலையாளச் சோதனை இல்லை, தமிழ்ச் சோதனை. ஆபீஸரின் திட்டத்தை டைப் அடித்தவளே நான்தான். பெண் டைப்பிஸ்ட் கல்யாணம் ஆனதும் விலக வேண்டும் என்பது கம்பெனியின் பழைய விதி. அவர் அதற்கு ஒரு வால் சேர்த்திருந்தார். கல்யாணத் தேதி தெரிந்த உடனே புதுப் பெண்ணை எடுத்துப் பழக்க வேண்டும். அவள் பழகியதும், கல்யாணம் வரைக்கும் காத்திராமல், பழையவளை அனுப்பிவிடலாம்.

அந்தக் கிளையில் இருந்த ஒரே பெண் நான். என் கழுத்துக்கு நானே கயிறு திரித்தேன், மூன்று கார்பன் நகலோடு.

மாமனார் இல்லாத வீடு

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். என் நட்சத்திரம் மூலம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். அதனால் எனக்கு மாப்பிள்ளை தேடவில்லை, மாமனார் இல்லாத வீட்டைத்தான் தேடினார்கள். கால் தேய்ந்து கிடைத்தது ஒன்றே ஒன்று. பாளையங்கோட்டைப் பையன், தகப்பனார் சிறு வயதிலேயே தவறிவிட்டார், பட்டாளத்தில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவர், அப்போது அஸ்ஸாம் பக்கம் இருந்தார்.

லீவு கிடைத்தால் தை பத்தாம் தேதி கல்யாணம். கிடைக்காவிட்டால்? அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பர்மா எல்லையில் குண்டு விழுகிற செய்தி வரும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

"ஏளா, ஆபீஸ்ல மூச்சு விட்டுராதே" என்றாள் அம்மா. "அந்தப் பையன் வராம, வேலையும் போச்சுன்னா நாம என்ன செய்யதுக்கு? ரெண்டுங் கெட்டு நிப்பம்."

இதுதான் என் பயம். கல்யாணம் நிச்சயமாக நடக்கும் என்றால் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பேன். நடக்காது என்றால் நிம்மதியாக டைப் அடித்திருப்பேன். இரண்டுமில்லாமல் அந்தரத்தில் தொங்கினேன். அந்த நாற்காலி மட்டும்தான் என் காலுக்குக் கீழே இருந்த தரை.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை

இப்போது அந்த ஐப்பசி மத்தியானத்துக்கு வருகிறேன்.

"நாள் ஏதா?" என்று அவர் கேட்டதும், நாள் குறித்தது இவருக்குத் தெரிந்துவிட்டது, ஆபீஸர்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவரிடம் போய்ப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் "தை பத்து" என்றேன்.

அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார். "நான் சோதிச்சது நட்சத்திரமாக்கும் குட்டீ. ஆபீஸில் எல்லாரும் பேடிச்சு, பயந்து இருக்கல்லோ. வெள்ளியாழ்ச்ச பழவங்காடிப் பிள்ளையாருக்கு எல்லார் பேரிலும் ஒரு புஷ்பாஞ்சலி கழிக்காம் என்னு வெச்சு. அதுக்குப் பேரும் நாளும் வேணும்."

மலையாளத்தில் நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். கோயிலில் பேரையும் நாளையும் சொன்னால்தான் அர்ச்சனை. அந்த ஊரில் பால்காரிகூடக் கேட்கிற கேள்வி. அகராதி என்னிடம் கேட்ட கேள்விக்கே நான் அர்த்தத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மூலம், சார்" என்றேன். அதுவும் வெளியே சொல்லக்கூடாததுதான். போகிற போக்கில் அதுவும் போயிற்று.

"மூலம்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவர் காஷியர் ஐயர் மேஜைக்குப் போனார். தை பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்ச நினைத்தபோது அவர் ஐயரிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் கணக்கைப் பற்றி ஆபீஸருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கம்பெனியில் வெகுகாலம் இருந்தவர். நேற்று வந்த எனக்காக அவர் ஏன் மறைக்க வேண்டும்?

ஒரே ஒரு சிவப்பு

இரண்டு நாள் கழித்து ஆபீஸர் மாதவன் பிள்ளையை மானேஜர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே ஒவ்வொரு பெயராக ஓடியிருக்க வேண்டும். என் விரல் எந்த எழுத்தில் விழுந்தது என்று எனக்கே தெரியாது. ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக் கிழித்தேன்.

கதவு திறந்தது. ஆபீஸர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். இதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன், கனிவாக, "வருத்தப்படாதேம்மா. எல்லாத்துக்கும் ஒரு வேளை வரும்" என்றார்.

சாவு வீட்டில் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. சொல்லிவிட்டார், மாதவன் பிள்ளை சொல்லியே விட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆபீஸர் மெட்ராஸ் மெயிலுக்குக் கிளம்பினார். பியூன் சுவரிலிருந்து தாளை எடுத்தபோது கதவிடுக்கில் பார்த்தேன். எங்கள் வரிசை முழுக்க நீலம். ஒரே ஒரு கட்டம் சிவப்பு. யாருடையது என்று பார்ப்பதற்குள் அவன் சுருட்டிக் கயிறு கட்டிவிட்டான். யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ன?

அதற்குப் பிறகு மாடிப்படியில் எந்தப் பெண்ணின் காலடி கேட்டாலும் எனக்குப் பதில் வந்தவள் என்றே தோன்றும். செத்துப்போன புருஷனின் பாலிசிக்காக ஒரு அம்மாள் அழுதுகொண்டே ஏறி வந்தாள். வேலைக்கு வந்தவள் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்படி நினைத்ததற்காக அன்றிரவு என் மேலேயே அருவருப்பு வந்தது. பயம் மனுஷரை அவ்வளவு சின்னதாக்கிவிடும்.

மாதவன் பிள்ளையுடன் பேச்சைக் குறைத்தேன். அகராதி இல்லாமலே சமாளித்தேன்.

மார்கழி நடுவில் அஸ்ஸாமிலிருந்து தந்தி வந்தது. யாருக்கும் லீவு இல்லை, கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள் என்று. அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமா, "வேலையாவது நெலைக்குமா?" என்றார்.



மகரம் பத்து

தை பத்து விடிந்தது. "இன்னைக்கு ஒருநாள் போகாண்டாம்" என்றாள் அம்மா. வீட்டில் இருந்தால் அந்தக் கூறைப் புடவைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நேரத்தோடேயே ஆபீஸுக்குப் போய்விட்டேன். வேறு யாரும் வந்திருக்கவில்லை. டைப்ரைட்டர் மேல் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாதவன் பிள்ளை படியேறி வந்தார். நெற்றியில் ஈரச் சந்தனம், கையில் வாழையிலைப் பொதி. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னு மகரம் பத்தல்லே?" என்றார். எங்கள் தை அவர்களுக்கு மகரம்.

"ஆமா, சார்."

"பின்னே?"

"அவருக்கு லீவு கிடைக்கலை, சார்."

"அவதி கிட்டியில்லா" என்று மெல்லச் சொன்னார். அர்த்தம் தெரிந்திருந்தும் அன்றைக்கு என் காதில் விழுந்தது தமிழ் அவதிதான். அதுவரை வீட்டில் யார் முன்னாலும் அழாதவள் டைப்ரைட்டர் மேல் கவிழ்ந்து அழுதேன்.

அவர் பொதியைப் பிரித்து மேஜையில் வைத்தார். தெச்சிப்பூ, துளசி, கொஞ்சம் சந்தனம். "கோமதி, மூலம் என்னு பறஞ்ஞு புஷ்பாஞ்சலி கழிச்சதாக்கும். கல்யாணம் நடக்குன்ன நாளல்லே என்னு கருதி. ராஜினாமா வராதப்போ ஒரு சம்சயம் உண்டாயிருந்து. என்னாலும் நாள் நாளல்லே?"

சந்தேகம் இருந்தும் என் நாளை மறக்காமல் விடியற்காலையில் கோயிலுக்குப் போயிருக்கிறார். நான் அவரைப் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகையோடு அழுகையாகக் கேட்டுவிட்டேன். "புதுப் பொண்ணு எப்ப வருது, சார்? அந்தச் சிவப்புக் கட்டம் என்னுதுதானே?"

"சிவப்போ? கோமதியுடே கட்டம் நீலமல்லே!"

பிறகு சொன்னார். ஆபீஸர் என் பெயர் வந்ததும், "இந்தப் பொண்ணுக்கு நாள் குறிச்சாச்சா?" என்று கேட்டாராம். "எனிக்குத் தமிழ் அத்ர அறியில்லல்லோ. நாள் சோதிச்சு, நான் நாள் பறஞ்ஞு. மூலம் என்னு."

சாலைக் கடைத்தெருவில் தமிழ்ச் செட்டியார்களோடு காலமெல்லாம் பேரம் பேசியவருக்குத் தமிழ் தெரியாதாம்!

மூலம் என்று கேட்டதும் மெட்ராஸ் ஆபீஸர் பென்சிலைக் கீழே வைத்து, "அடப் பாவமே, மூலமா? அப்போ இப்போதைக்கு எங்கே ஆகப்போறது?" என்று உச்சுக்கொட்டினாராம். நீலப் பென்சிலை எடுத்து, ஐந்து வருஷத்துக்கும் என் கட்டத்தை அழுத்தித் தீட்டிவிட்டாராம். எல்லாத்துக்கும் ஒரு வேளை வரும் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னது இதற்குத்தான்.

மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். பிறந்ததிலிருந்து என்னைத் துரத்திய மூலம், அந்த ஒரு தடவை எனக்காக நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பட்டாளத்திலிருந்து 'அவர்' அடுத்த ஆவணியில் உடம்பு பாதியாக வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அம்மாவும் நானும் சாப்பிட்டது அந்த நீலக் கட்டத்தில்தான்.

சந்தனத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்ய முடியும்? வருகிற வெள்ளிக்கிழமை அதே பிள்ளையாருக்கு அவர் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யலாம். அதற்குப் பேரும் நாளும் வேண்டும். பெயர் தெரியும். அவர் கற்றுக்கொடுத்த மலையாளத்திலேயே பெருமையாகக் கேட்டேன்.

"சாரினு நாள் ஏதா?"

அவர் இலையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டு, மூலையில் இருந்த தன் நாற்காலியை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"மீனம் முப்பது" என்றார். எங்கள் பங்குனிக் கடைசி.

நான் கேட்டது நட்சத்திரத்தை.